விரிக்கக் கூடாத ஓர் எழுத்து

கலைக்களஞ்சிய அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மின்தூக்கிக்குப் பின்பக்கம் இருக்கும் அறையில் வேலை பார்க்கிற அம்மாளின் பெயரைக் கேட்டால் கீழே அச்சுப் பிரிவில் பாதிப்பேர் முழிப்பார்கள். புள்ளியம்மா என்று சொன்னால் வாசல் காவலாளிகூட மாடியைக் கைகாட்டுவார்.

இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி இல்லாமல் ஒரு பக்கத்தையும் அவள் கீழே இறங்க விட்டதில்லை. அதனால் வந்த பட்டம் அது. அவள் வைக்கும் புள்ளியும் மற்றவர்கள் வைக்கிற மாதிரி இருக்காது. பேனா முனையை ஒரு சுழற்றுச் சுழற்றி, சின்ன வளையமாகப் போடுவாள்.

"இது புள்ளியா, பூஜ்யமா மேடம்?" என்று பக்கம் கட்டுகிறவர் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னுதான் பெருசா போட்டேன்" என்று அவளும் பதினெட்டு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய அறை முன்பு காகிதம் அடுக்கி வைக்கிற கிடங்காக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். மூன்று பக்கமும் இரும்பு இழுப்பறைகள். அவற்றில் பெயர் அட்டைகள். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அது தளர்ந்துபோய், காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டால் தானாகவே விழுந்துவிடும். அப்புறம் கீழே தொலைபேசியில் கூப்பிட்டு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். "மறுபடியும் மாட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்து திறந்துவிடுவார்கள். மாற்றித் தரச் சொல்லி எழுதிய மனு எந்தக் கோப்பிலோ தூங்குகிறது.

கதவில் 'இந்தியப் பெயர்கள்' என்று ஒரு பலகை. கலைக்களஞ்சியத்தில் யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் குடும்பப்பெயர், பிறகு ஒரு காற்புள்ளி, அப்புறம் சொந்தப்பெயர் என்பது ஆதிகாலத்து விதி. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டார்கள். நம்மவர்கள்தான் உட்காரவில்லை. ஒருவருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது, இன்னொருவருக்கு ஊருடையது, வேறொருவருக்கு இரண்டும். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகள் எழுத்தை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு, இழுப்பறையில் இரண்டு மூலையில் கிடந்தார்கள். இவர்களை எந்த எழுத்தில் தேடுவது, இனிஷியலை எங்கே வைப்பது, விரித்து எழுதுவதா, அப்படியே விடுவதா என்று முடிவுகட்டத்தான் அவளை அந்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

பதினோரு தடவை விதி எழுதினாள். பதினொன்றும் விழுந்தன. அப்பா பெயரைக் குடும்பப்பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியபோது, ஒரு மல்யுத்த வீரரின் மனைவி நேரிலேயே வந்துவிட்டார். "என் வீட்டுக்காரர அவங்க அப்பா பேர்ல தேடினா மாமனார்தான் எழுந்து வருவார். அவருக்கு மல்யுத்தமே பிடிக்காது." விதி அன்றைக்கே படுத்தது. ஊர்ப்பெயரைத் தலைப்பில் சேர்க்கலாம் என்றதும் ஓர் ஆலோசகர், ஓய்வுபெற்ற பேராசிரியர், அதற்காகக் கட்சி கட்டிக்கொண்டார். அது விழுந்தபோது அவர் முகம் விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தடித்த கோப்போடு வந்து, திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். எங்கேயாவது ஓர் இடுக்கு கிடைத்தால் திறப்பதற்காக.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகவே இருந்திருக்கும், புள்ளியம்மாவின் குடும்பம் அங்கேயே இருந்திருந்தால். கணவர் துறைமுகத்துப் பட்டறையில் மேற்பார்வையாளர். நான்கு வருஷத்துக்கு முன் அவரை வேறொரு நகரத்துக்கு மாற்றினார்கள். ரயிலில் ஒரு முழுப் பகல். மகளும் அப்பாவோடு போய் அங்கேயே பள்ளியில் சேர்ந்தாள். அந்த நகரத்தில் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு கிளை உண்டு. பதிப்பாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார்: "பெயர் விதி முடிஞ்சு எட்டாம் தொகுதி அச்சுக்குப் போற அன்னிக்கு உங்கள விட்டுடறேன். அதுவரைக்கும் கேக்காதீங்க."

அவளும் கேட்கவில்லை. வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளரோடு காலம் தள்ளினாள். போன முறை போயிருந்தபோது மகள் தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "இது கடைசி வருஷம்மா. அடுத்த வருஷம் நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ இங்க வந்து அப்பாவோட சேர்ந்து டிவியில செய்தி பாரு."

அந்தப் பேச்சுதான் பன்னிரண்டாவது விதியை எழுத வைத்தது. திரும்பி வந்த வாரமே உட்கார்ந்து மூன்று வரியில் முடித்தாள். இனிஷியல் எதுவும் தலைப்பில் எழுத்தாக நிற்கக் கூடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர் என்று உள்ளதை எடுத்து விரித்து எழுத வேண்டும். விதிவிலக்கு கிடையாது.

கடைசி வரியைப் படித்துவிட்டுப் பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விதிவிலக்கே கிடையாதா?"

"ஒண்ண விட்டா ஒன்பது வரும் சார். இப்ப கதவ சாத்தினாத்தான் முடியும்."

ஆலோசகர் கோப்பைத் தடவினார், இடுக்கு அகப்படவில்லை. விதி நிறைவேறியது. பக்கம் கட்டுகிறவர் தன் கணினியில் ஒரு கட்டளை எழுதி வைத்தார்: தலைப்பில் புள்ளி வந்தால் பக்கம் கட்டாது, திருப்பி அனுப்பிவிடும். "புள்ளியம்மாவே புள்ளிய ஒழிச்சுட்டாங்கய்யா" என்று கீழே ஒரு வாரம் அதுதான் பேச்சு. "இனிமே உங்கள என்னன்னு கூப்பிடறது?" என்றார் அவர். "கூப்பிட நான் இங்க இருந்தாத்தானே" என்றாள் அவள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

எட்டாம் தொகுதியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பள்ளிக்கூடங்களிலிருந்து பதிவேட்டுப் பக்கங்களின் நகல்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனாள். கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஐந்து பேர்தான் பாக்கி. ரயிலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து மூடி, அதைத் தங்கியிருந்த அறைக் கதவோரம் நிறுத்தியும் வைத்தாள். தினமும் எழுந்ததும் கண்ணில் படட்டும் என்று.

அந்த ஐந்தில் நான்காவது நகலை எடுத்தபோது அவள் கை நின்றது.

அட்டையில் இருந்தவள் ஒரு நீச்சல்காரி. இரண்டு கரைக்கு நடுவே உள்ள கடலை நீந்திப் போய், கரையைத் தொட்டு, ஏறாமல் அப்படியே திரும்பி வந்தவள். பத்து வரிக் கட்டுரை. நகலில் பள்ளிக்கூடத்தின் முத்திரை, சேர்க்கை எண், முப்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. தந்தை பெயர்க் கட்டத்தில் ஒரு பெயர். மாணவி பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி. அந்தப் புள்ளி சின்ன வளையமாக இருந்தது.

புள்ளியம்மா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் இருபத்தொரு வயதில் எட்டு மாதம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தாள். சேர்க்கை நாளன்று வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. தலைமையாசிரியை ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை எட்டிப் பார்த்து, "இன்னும் அங்கயே இருக்கியா? கை ஓடுதா, தூங்குதா?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தோளில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க பேரு?" என்று கேட்டாள். சொன்னார். எழுதினாள். குழந்தையின் பெயருக்கு முன்னால் அவருடைய முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைத்தாள். அடுத்த ஆள்.

மத்தியானம் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து ஜன்னலருகே நின்றாள். "அம்மா, காலையில குழந்தையக் கூட்டிட்டு வந்தது எங்க பக்கத்து வீட்டுக்காரருங்க. வேன் ஓட்டறவர். அவங்க அப்பாவுக்கு ஷிஃப்டு, எனக்குக் காய்ச்சல், அதான் அவர அனுப்பினோம். அப்பா பேரு அவர் பேரு இல்லீங்க."

பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும், தற்காலிக வேலை. புள்ளியம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்புறம் மாத்திக்கலாம்மா. இப்ப கூட்டமா இருக்கு."

அந்த அப்புறம் வரவே இல்லை. அந்தப் பெண் இன்னும் இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் அதே பதில்தான். பிறகு வேறு வேலை கிடைத்துப் புள்ளியம்மா போய்விட்டாள். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது நினைவுக்கு வந்ததில்லை என்று சொன்னால் பொய். வந்தபோதெல்லாம், யாராவது மாற்றியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கட்டத்தில் இருக்கும் பெயரை எடுத்துத் தலைப்பில் விரித்து எழுத வேண்டும். அவள் போட்ட விதி. விதிவிலக்கு இல்லை. ஒரு நிமிஷ வேலை. ஒன்பதாம் நாள் ரயில். யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்து அந்தப் பெயரின் முதல் எழுத்தை எழுதியும்விட்டாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

அட்டையின் பின்பக்கம் தொலைபேசி எண் இருந்தது.

எடுத்தது நீச்சல்காரியே. பின்னணியில் தண்ணீர் அடிபடும் சத்தம், விசில், குழந்தைகளின் கத்தல். அவள் இப்போது ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறாள்.

"கலைக்களஞ்சியமா? அது இன்னும் அச்சடிக்கறாங்களா?" என்று சிரித்தாள். "சொல்லுங்க மேடம். டேய், ஆழத்துப் பக்கம் போகாத! உங்களச் சொல்லல மேடம்."

புள்ளியம்மா விதியை விளக்கினாள். இனிஷியலை விரித்து எழுதப் போகிறோம், பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி.

சிரிப்பு நின்றது. "அது வேண்டாமே."

"ஏன்னு கேக்கலாமா?"

"அது எங்கப்பா பேரு இல்ல மேடம். ஸ்கூல்ல யாரோ மாத்தி எழுதிட்டாங்க. எங்கம்மா நடையா நடந்தாங்க, ஒண்ணும் ஆகல. எங்கப்பா ரெண்டு வருஷம் என் பள்ளிக்கூடத்துக் காகிதம் எதுலயும் கையெழுத்துப் போடல. 'யார் பேரு இருக்கோ அவன்கிட்டப் போய் வாங்கு'ம்பார். கோவக்காரர்னு இல்ல, ரோஷம். தெருவுல விட்டுவைப்பாங்களா? என்னப் பாத்தா 'வேன் வருது, வேன் வருது'ன்னு ஹாரன் அடிப்பாங்க." யாரையோ பார்த்து விசில் ஊதிவிட்டுத் தொடர்ந்தாள். "அந்த வேன் மாமா எங்க வீட்டுப் பக்கம் வர்றதையே விட்டுட்டார். எங்களுக்கு அவ்வளவு செஞ்ச மனுஷன். இன்னமும் இருக்கார், எண்பது வயசு. வழியில பாத்தாக்கூட எதிர்ப்பக்கம் போயிடுவார்."

"அப்ப உங்க அப்பா பேரையே போட்டா?"

"பதக்கம், பாஸ்போர்ட், சாதனைச் சான்றிதழ் எல்லாத்துலயும் இந்த எழுத்துதான் இருக்கு. அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார். இப்ப புத்தகத்துல மட்டும் மாத்தினா, மாமாவ நான் தூக்கி எறிஞ்சிட்ட மாதிரி ஆகும். அவர் பேரப் போட்டா எங்கப்பாவ எறிஞ்ச மாதிரி. அந்த எழுத்து எழுத்தாவே இருந்துட்டுப் போகட்டும் மேடம். எழுத்தா இருக்கற வரைக்கும் அது யாரோடதும் இல்ல. நான் பழகிட்டேன்."

புள்ளியம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அத மாத்தி எழுதினது நான்தாம்மா" என்றாள். "உங்க அம்மா வந்து சொன்னாங்க. மூணு தடவையும் அப்புறம் பாக்கலாம்னு அனுப்பினேன்."

பதில் வந்த குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"அன்னிக்கு உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தொண்ணு."

"அன்னிக்கு எழுதினது போகட்டும். இன்னிக்கு எழுதாம இருங்க."

வைத்துவிட்டாள்.

பதிப்பாசிரியர் முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, நல்ல மனிதர்கள் தப்பான யோசனை சொல்லும்போது வருகிற கனிந்த குரலில் சொன்னார்: "இதுக்கா இவ்வளவு குழப்பிக்கறீங்க? கட்டுரைய எடுத்துடுவோம். பத்து வரி. ஒரு சின்னப் படத்தப் போட்டா இடம் நிரம்பிடும். விதியும் நிக்கும், அந்தப் பொண்ணு மனசும் நோகாது, நீங்களும் ஊர் போய்ச் சேருவீங்க."

எவ்வளவு சுலபம்! புள்ளியம்மா வாயைத் திறந்தாள். "சரி சார்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒருத்தியின் பெயரைத் தப்பாக எழுதியது போதாது என்று, இப்போது பெயரே இல்லாமல் அடித்துவிடுவது.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று எழுந்தாள்.

கீழே பக்கம் கட்டுகிறவரிடம் போனாள். "ஒரே ஒரு தலைப்புல புள்ளி வெச்சா என்ன ஆகும்?"

"துப்பிடும்."

"உங்களால ஒண்ண மட்டும் உள்ள விட முடியாதா?"

"விடலாம். ஆனா பட்டியல்ல வரும், 'விதிவிலக்கு: ஒன்று'ன்னு. அந்தப் பட்டியல் யார் மேசைக்குப் போகுது? ஆலோசகர் மேசைக்கு. அவர் அதுக்காகத்தானே கோப்ப மடியில வெச்சு அடைகாக்கறார்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்பது நாள்தானே மேடம்? பேசாம இருங்க."

சாயங்காலம் தன் அறைக்குப் போய்ப் படுத்தாள். கதவோரம் பெட்டி நின்றது. ஒரு பக்கம் மகளின் ஒரு வருஷம். அதைத் திரும்ப யாரும் தரப்போவதில்லை. இன்னொரு பக்கம் ஓர் எழுத்து. எந்த நியாயத்தில் வைத்துப் பார்த்தாலும் எழுத்துதான் சின்னது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. கூட்டமும் வேலையும் பெரிதாக இருந்தன. எழுத்து சின்னதாக இருந்தது.

காலையில் பதிப்பாசிரியரின் மேசையில் ஒரு தாளை வைத்தாள். பன்னிரண்டாம் விதிக்கு ஒரு திருத்தம்: உரியவர் வேண்டாம் என்று சொன்னால், இனிஷியல் எழுத்தாகவே புள்ளியோடு நிற்கும், காரணம் கேட்கக் கூடாது.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதப் போட்டா அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் எழுதிச் சம்மதம் கேக்கணும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஆலோசகர் ஊர்ப்பெயர எடுத்துட்டு வருவார்."

"வருவார்."

"எட்டாம் தொகுதி அடுத்த வருஷம்தான். வாக்கு மாறினேன்னு நாளைக்கு என்னச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சார். நீங்க மாறல."

கூட்டத்தில் ஆலோசகர் கோப்பைத் திறந்தார். அதன் நாடாவை அவிழ்க்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. அத்தனை காலம் முடிச்சு போட்டபடி இருந்தது. திருத்தத்துக்கு அவர்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஊர்ப்பெயரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்.

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசி போட்டாள். மகள் எடுத்தாள். புள்ளியம்மா எதையும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்த அக்கா போயிட்டுத் திரும்பியும் நீந்தி வந்தாங்களா?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும்?"

"ஆமாம்மா."

"உன்னால ஒரு பக்கம்கூட முடியல" என்றாள் மகள். குரல் உடைந்தது. "இரு, அப்பாகிட்டத் தரேன்."

கணவர் வாங்கினார். அவருக்குத் திட்டத் தெரியாது, அதுதான் கஷ்டம். "சீட்ட ரத்து பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"பெட்டியப் பிரிச்சிட்டியா?"

"இல்ல."

"பிரிக்காத. அப்படியே இருக்கட்டும்" என்றார். "அவ நாளைக்குப் பேசுவா. நீயா கூப்பிடாத."

இரவு குளிக்க உலர்ந்த துண்டு இல்லை. மற்றவை பெட்டிக்குள் இருந்தன. புள்ளியம்மா குனிந்து பூட்டைத் திறந்து, மேலே இருந்த துண்டை மட்டும் உருவி, மறுபடி மூடி, சுவரை ஒட்டி நிறுத்தினாள்.

மறுநாள் நீச்சல்காரியின் அட்டையை எடுத்தாள். அன்றைக்கு எழுதி நிறுத்தியிருந்த அந்த ஒற்றை எழுத்து இன்னும் இருந்தது. அதை அடிக்கவில்லை, அதுவே போதுமானது. பக்கத்தில் பேனா முனையைச் சுழற்றி வளையம் போட்டாள். பிறகு அறுநூற்றுப் பதினோரு கடிதங்களில் முதல் கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். 'ஐயா, தங்கள் இனிஷியலை விரித்து எழுதுவதில் தங்களுக்குச் சம்மதமா' என்று தொடங்கும்போது மின்தூக்கிப் பக்கமிருந்து காற்று வந்து கதவைச் சாத்தியது. தாழ்ப்பாள் வெளியே விழுகிற சத்தம் கேட்டது.

கை வழக்கம்போலத் தொலைபேசிக்குப் போனது. பாதியில் நின்றது. கீழே கூப்பிட்டால், "மறுபடியும் மாட்டிக்கிட்டீங்களா?" என்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி இருந்தது. அதற்குள் இருபது கடிதமாவது எழுதிவிடலாம்.